நேரலையில் ஓடிய மாடு

எனக்கிருந்த கெட்ட பழக்கத்தில் புகையும் கிடையாது, வாடையும் கிடையாது. அதனால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தென்காசியிலிருந்து வேலைக்காகச் சென்னை அயனம்பாக்கம் வந்த புதிதில் எதிர் ஃபிளாட்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒருநாள் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துப் போட்டேன். முப்பத்தெட்டு லைக்! (ஆபீசில் இன்றுவரை மூன்று வருடம் உழைத்தும் ஒருத்தர் ‘நல்லா இருக்கு’ என்று சொன்னதில்லை.) அடுத்த படத்துக்கு நான்கே நான்கு. எப்போது கொட்டும், எப்போது காயும் என்று தெரியாததாலேயே ஐந்து நிமிடத்துக்கொரு முறை போனைத் தடவ ஆரம்பித்தேன்.

அந்த லட்சணத்தில்தான் நூம்பலில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. காலை எட்டரைக்குள் பசு உள்ளே நுழைய வேண்டும். மாட்டுக்காரர் கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

“அண்ணாத்தே, கெட்டியா புச்சிக்கோ. கன்னுக்குட்டிய வண்டிலேர்ந்து எறக்கிகினு வந்துர்றேன்.”

இடது கையில் கயிறு, வலது கையில் நேரலை. ‘மாடு அழகு, மாமா சுமார்’ என்று எவனோ எழுதினான். அவனுக்குப் பதிலடி கொடுக்க இரண்டு கை தேவைப்பட்டது. கயிற்றை விட்டேன். (ஆமாம், கயிற்றைத்தான்.) நாதஸ்வரம் பீறிட்டது. மாடு மிரண்டு பாய்ந்தது.

“எலேய் முருகா, மாடு எங்கலே?”

வாசலில் அக்கா. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் கேட்டே பத்து வருடம் வாடகை வீட்டில் இருந்தவள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் போனை அத்தான் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

மாடு ஒரு காலிமனைச் சேற்றில் இறங்கியது. பட்டுவேட்டியோடு நானும் இறங்கினேன்.

“கயித்த இஸ்க்காத மாமே! கய்த்துக்குக் கீய சொறிஞ்சி குடு!” என்று பின்னாலிருந்து கத்தினார் மாட்டுக்காரர்.

கழுத்துக்குக் கீழே சொறிந்தேன். மாடு என் தோளில் தலையைச் சாய்த்தது. சென்னைக்கு வந்தபிறகு எனக்கு நேரில் கிடைத்த முதல் பாராட்டு.

எட்டு இருபத்தெட்டுக்கு மாடு முன்னால், சேறு வடிய நான் பின்னால். மொத்தத் தெருவும் கைதட்டியது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

“மாடு உள்ள வரட்டும். நீ காலைக் கழுவிட்டு வாலே!”

போனின் ஞாபகம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அத்தான் நிறுத்தத் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். அந்தப் பையின் இருட்டைப் பார்க்க, என் மூஞ்சிக்கு ஒருநாளும் வராத கூட்டம் உட்கார்ந்திருந்தது. அங்கேயே கணக்கை மூடினேன்.

இப்போது சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் மாடு பிடிக்க என்னைத்தான் அழைக்கிறார்கள். போன மாதம் ஐயப்பன்தாங்கலில் சித்தப்பா மகன் பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டான்: ‘மாட்டுடன் வருபவர்: திரு. முருகேசன், பி.இ.’