ஜெர்மன் காருக்கு நான் தண்ணீர் காட்டிய கதை

"எனக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கடைத்தெருவில் என் மானம் போயிருக்காது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. கார் ஓட்டியதே இல்லை. பழைய மோட்டார் பத்திரிகை இரண்டு படித்திருந்தேன். (அதில் ஒன்றுக்கு அட்டை கிடையாது.) அதை நம்பி, "எங்க பையனுக்குக் காருன்னா அத்துப்படி" என்று நைனா பெண் வீட்டாரிடம் சொல்லிவைத்துவிட்டார்.

மாப்பிள்ளை பார்க்கப் புதுச்சேரியிலிருந்து பெண்ணின் அப்பா ஆரோக்கியசாமியும் அவர் மைத்துனர் லூர்துவும் ஆளுக்கொரு ஜெர்மன் காரில் வந்து இறங்கினார்கள். லூர்துவுடையது மூக்கில் நட்சத்திரம் வைத்த நீளமான கறுப்பு வண்டி. ஆரோக்கியசாமியுடையது ஆமை ஓடு போட்ட மாதிரி குட்டி வண்டி. காபி வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

"வேகம்னா என்னுதுதான். இருபது வருஷம் கழிச்சும் ராஜா வூட்டு வண்டியாட்டம் நிக்கும்" என்றார் லூர்து.

"அப்போ எல்லாரும் என்னுதைத்தான் தேடுவாங்க. தம்பி, நீயே சொல்லு" என்றார் ஆரோக்கியசாமி.

உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"நேர் ரோட்டுல நட்சத்திர வண்டி பறக்கும் மாமா. மேட்டுல ஆமை வண்டி சளைக்காது. ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்" என்று இருவருக்கும் நல்லவனானேன்.

கோட்டை வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. அவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமனாராகப் போகிறவரின் வண்டிக்கு ஒரு சேவை செய்துவைப்போமே என்று, சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போய் முன்மூடியைத் தூக்கினேன். உள்ளே ஸ்டெப்னி டயரும் ஒரு திருகுமூடியும்தான் இருந்தன. இஞ்சினைக் காணோம். (ஜெர்மன்காரன் எங்காவது மடித்து வைத்திருப்பான்!) திருகுமூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. அந்த ஊர் ரேடியேட்டர் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று சொம்பைக் கவிழ்த்தேன்.

பந்தயத்தில் ஆரோக்கியசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மைல் போனதும் வண்டி இருமியது, இரண்டு தரம் துள்ளியது, நின்றுவிட்டது. முன்னால் போன லூர்து திரும்பி வந்து கயிறு கட்டினார். நட்சத்திர வண்டி இழுக்க, ஆமை வண்டி கடைத்தெரு வழியாக வீடு திரும்பியது.

"இன்னாபா, ஆமைக்குக் காய்ச்சலா?" என்றாள் பூக்காரி.

வீட்டு வாசலில் ஆரோக்கியசாமி டேங்க்கைச் சோதித்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"எவனோ தண்ணி ஊத்திருக்கான்! தோத்துடுவோம்னு பயந்து நீதானே லூர்து?"

"நானா? இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிச்சா கேளு!"

நான் வாயைத் திறக்காவிட்டால் கல்யாணம் நடக்கும். ஆனால் பெண்ணுக்குத் தாய்மாமன் இருக்கமாட்டார்.

"நான்தான் மாமா. ரேடியேட்டர்னு நெனச்சு ஊத்திட்டேன்."

"இதுல ரேடியேட்டரே கெடையாது தம்பி" என்றார் ஆரோக்கியசாமி மெதுவாக. "இஞ்சினே பின்னாடிதான் இருக்குது."

இருவரும் நட்சத்திர வண்டியில் ஏறி, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் மெக்கானிக்கோடு வந்த ஆரோக்கியசாமி, "விஷயத்தைக் கேட்டதுலேர்ந்து பொண்ணு சிரிச்சுக்கினே இருக்குது. இவரையே கட்டிக்கிறேன்னு சொல்லுது" என்றார், அவ்வளவாகச் சந்தோஷமில்லாமல்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது கார் வாங்கி, அதை மந்திரிக்க ஃபாதர் வந்தால், என் மனைவி முந்திக்கொள்வாள்:

"தீர்த்தத்தை நீங்களே தெளிச்சுடுங்க ஃபாதர். இவர் கையில மட்டும் குடுத்துடாதீங்க."