மீட்டர் மாமாவின் எழுத்துமூல விளக்கம்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் கரண்ட் வந்த வீடு எத்தனையோ, அத்தனை வீட்டிலும் கடவுளைப் பற்றி விசாரித்த ஒரே மனிதர் எங்கள் மீட்டர் மாமாதான். ஏணி போட்டு ஏறி, மீட்டரை டார்ச் அடித்துப் பார்த்து, அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டு இறங்குவார். வீட்டுக்காரர் மோர் கொடுத்தால் குடிப்பார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்: "ஆமா, இதுக்கெல்லாம் இன்னா அர்த்தம்ன்றீங்க?"

பாதிப் பேர் மீட்டர் ஜாஸ்தி ஓடிவிட்டதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பதறிப்போவார்கள்.

அறுபதுகளின் நடுவில் நான் கடலூர் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. அவர் அதே ஆபீஸில் மீட்டர் ரீடர். மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அவர் மனைவி கமலம் என்னைத் 'தம்பி' என்பார். அந்தக் கணக்கில் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான். நாளடைவில் ஆபீஸே அவரை மீட்டர் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது. இன்ஜினியர்கூட ஒருமுறை வாய்தவறி 'மாமா' என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார்.

மாமா ஆதியில் ஒயர்மேன். சொந்த ஊரான குமராட்சிப் பக்கம் ஒரு ஐப்பசி மழையில் கம்பத்தில் ஏறியவரை லைன் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. விழுந்தது சேற்று வயலில். அதனால் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் எல்லோரும் கேட்கிற மாதிரி 'நான் எங்கே இருக்கிறேன்' என்று கேட்கவில்லை. "அடடா, போயிடுச்சே!" என்று அழுதிருக்கிறார்.

எது போயிற்று என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

"நாலு செகண்டு மச்சான். கம்பத்துலருந்து தரைக்கு வர்ற அந்த நாலு செகண்டு. எல்லாம் புரிஞ்சிடுச்சி. எதுக்குப் பொறந்தோம், எதுக்குச் சாவுறோம், எதுக்கு நடுவுல இந்தக் கூத்து, அத்தினியும். கண்ணத் தொறந்தேன், தொடச்சிப்போட்ட மாதிரி ஒண்ணும் இல்ல."

"ஒரு வார்த்தைகூடவா ஞாபகமில்ல மாமா?"

"ரொம்ப சிம்பிளா இருந்திச்சி. அது மட்டும் ஞாபகம் கீது."

டாக்டர் கனமான வேலை கூடாது என்றார். மீட்டர் பார்க்கப் போட்டார்கள். அதுதான் வினை. ஒயர்மேனாக இருந்தவரை அவர் போகிற இடம் கம்பம் மட்டும். மீட்டர் ரீடருக்கோ கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் திறந்த வீடு.

முதலில் சிதம்பரம் கோயில். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை ரகசியம் பார்த்தவர்தான். திரையை விலக்குவார்கள், உள்ளே தங்க வில்வமாலை தொங்கும், அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இந்தத் தடவை கையில் டார்ச்சோடு நின்றுகொண்டு தீட்சிதரிடம் கேட்டார்.

"சாமி, உள்ளாற இன்னா இருக்குது?"

"வெட்டவெளி."

"வெட்டவெளிக்கு எதுக்கு சாமி திரை?"

தீட்சிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ மீட்டரப் பாருப்பா" என்றார்.

அந்தப் பதிலில் ஏதோ ஆழமான உபதேசம் இருக்கிறதென்று மாமா ஒரு மாதம் மீட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தகடு சுற்றியது. வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்து ஓல்டு டவுன் சர்ச் ஃபாதரிடம் போனார். ஃபாதர் ஜெபம் பண்ணச் சொன்னார். அதற்கடுத்து, எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாய். அவர் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நோன்பைப் பற்றி நிதானமாகச் சொன்னார். மாமாவுக்கு மூன்றுமே பிடித்திருந்தது. ஒன்றை விட்டால் அதில்தான் அந்த நாலு செகண்ட் இருந்திருக்குமோ என்று பயம். மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் பார்த்து ரம்ஜான், மார்கழி, கிறிஸ்துமஸ் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. மாமா விடியுமுன் எழுந்து பாய் வீட்டில் சஹர் சாப்பிடுவார். அங்கிருந்து நேரே பெருமாள் கோயில் பஜனை. பஜனை முடிந்தால் சுடச்சுடப் பொங்கல் கொடுப்பார்கள். நோன்பில் இருப்பவர் எப்படித் தின்பது? இலையில் கட்டி வாங்கி, மீட்டர் அட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி, சாயங்காலம் பாய் கடையில் பேரீச்சம்பழத்துக்குப் பிறகு அவிழ்ப்பார். கிறிஸ்துமஸ் அன்று ஃபாதர் கொடுத்த கேக்கும் அதே பையில் போய் பொங்கலோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஆபீஸுக்கு வந்த அட்டைகளில் முந்திரி இருந்தது.

காதர் பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துச் சொன்னார்: "மாமா, அல்லாஹ் காது கேக்காதவன் இல்ல. நீங்க மூணு வாசல்லயும் தட்டிட்டு, தொறக்கறதுக்குள்ள அடுத்த வாசலுக்கு ஓடுறீங்களே?"

"ஓடாம இன்னா பண்றது பாய்? டூட்டி டயமாச்சே!"

கமலம் அக்காதான் பாவம். "எந்தச் சாமிக்கு எந்த வேள பட்டினி கெடக்கறார்னே தெரியல தம்பி. ஒல வெக்கவா வேணாமான்னு தெனமும் காதர் பாயக் கேக்க வேண்டியிருக்குது" என்பார். எங்கள் வீட்டு உலை சைக்கிள் கடையில் நிச்சயமாகிக்கொண்டிருந்தது.

மூன்று கடவுளும் கைவிட்டதாக மாமா சொல்லவில்லை. "கொஞ்சம் டயம் கேக்கறாங்க" என்றார். அந்த நிலைமையில்தான் தாடித் துரை வந்தார்.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் மீட்டர் பார்க்கப் போனவர், நீள முடியும் தாடியுமாக வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பாண்டிச்சேரி வழியாக வந்தவராம். மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷை மொத்தமாகத் திரட்டினார்.

"சார். ஆல் திஸ். வாட் மீனிங்?"

துரை தடாலென்று மாமாவின் காலில் விழுந்துவிட்டார். இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் அவர் கடல் தாண்டி வந்திருக்கிறார். கையில் டார்ச்சும் தோளில் ஏணியுமாக ஒரு மகான் மேலேறி வந்து அதையே கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? மாமா துரையை குரு என்று நினைத்தார். துரை மாமாவை குரு என்று நினைத்தார். மூன்று நாள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் துரை ராமேஸ்வரம் போகும்போது, தபால்தலையில் கால்வாசி இருக்கும், ஏதோ போதை மருந்தில் தோய்த்த ஒரு காகிதத் துண்டைக் குருதட்சிணையாகக் கொடுத்தார். நாக்கில் வைத்தால் எல்லாம் தெரியும் என்று ஜாடையில் சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இட்டுக்கொண்டு போனார். கையில் ஒரு நோட்டு கொடுத்தார்.

"மச்சான், போன தடவ யாரும் எழுதி வெக்கல. அதான் மறந்துடுச்சி. இந்தத் தடவ நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ. ஒரு எழுத்து வுடாத."

காகிதத்தை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நான் பேனாவைத் திறந்தேன்.

முதல் முக்கால் மணி நேரத்துக்கு நோட்டில் இருப்பது ஒரே வரி: 'ஏமாத்திட்டான் மச்சான்.' அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றி மணலில் ஜோடியாக வைத்து, "ரொம்ப ஒழைச்சிட்டீங்க. ஒக்காருங்க" என்றார். நான் எழுதினேன். பிறகு ஒரு நண்டு வந்தது. நண்டும் அவரும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டார்கள். நண்டு போனபோது "அவுரு சொல்றது சரிதான்" என்றார். எழுதினேன். அலையைப் பார்த்து விக்கி விக்கி அழுதார். சவுக்குத் தோப்பைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் லேசாகத் தலை சுற்றியது. நான் வெறும் காபிதான் குடித்திருந்தேன்.

திடீரென்று எழுந்தார். "இங்க இல்ல மச்சான். வுட்ட எடத்துலதான் தேடணும்" என்று ரோட்டைப் பார்த்து ஓடினார்.

எனக்குப் புரிவதற்குள் கடற்கரைச் சாலைக் கம்பத்தில் பாதி ஏறிவிட்டார். பத்து வருஷம் ஏறிப் பழகிய கால். மேலே லைன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. பக்கத்தில் இருந்த ஐஸ் கம்பெனியில் போன் இருந்தது. சப்ஸ்டேஷனில் எடுத்தவர், "எந்த லைன் சார்?" என்று சாவதானமாகக் கேட்டார். "தெரியாது! எல்லாத்தையும் அமத்து!" என்று கத்தினேன். அமர்த்திவிட்டார். பாதிக் கடலூர் நின்றுபோனது. ரைஸ்மில் நின்றது. ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி பாட்டின் நடுவில் செத்தது. எனக்குப் போன் கொடுத்த ஐஸ் முதலாளி மேலே பார்த்து, கீழே பார்த்து, "யோவ், என் ஐஸு!" என்றார்.

காதர் பாய் கமலம் அக்காவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தார். கம்பத்தைச் சுற்றி அதற்குள் நூறு பேர். மாமா கம்பிக்கு ஒரு கை தூரத்தில் இருந்தார். கரண்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் கீழே சேறு இல்லை, தார் ரோடு.

அக்கா கத்தவில்லை. அழவும் இல்லை. அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"மேல இன்னா பண்றீங்க?"

"கமலா, நாலு செகண்டு போதும். தெரிஞ்சிடும்!"

"தெரிஞ்சா எங்கிட்ட சொல்லுவீங்களா?"

"உங்கிட்ட சொல்லாமயா?"

"செத்துட்டா எப்படிச் சொல்லுவீங்க?"

மாமா நீட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். நூறு பேரும் யோசித்தோம். காற்று மட்டும் அடித்தது.

"அத்த நான் நெனைக்கல" என்றார் மாமா. நிதானமாக இறங்கினார்.

சாயங்காலம் அவர் தூங்கிய பிறகு, அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அன்னிக்கு வயல்லருந்து அவுரத் தூக்கினு வந்தாங்களே தம்பி, அப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. கையும் ஓடல, காலும் ஓடல. அவுருக்கு மட்டும் எல்லாம் புரிஞ்சிதாம்" என்றார். தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

மாமாவோ, லைனில் கரண்ட் இல்லை என்று நான் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா ஒடனே எறங்கியிருப்பனே" என்று பாயிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஊரையே அமர்த்தியதற்கு ஆபீஸ் சும்மா விடுமா? இன்ஜினியர் மெமோ கொடுத்தார். 'பணி நேரமல்லாத நேரத்தில், தகுந்த காரணமின்றி மின்கம்பத்தில் ஏறியது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.'

மாமா அதைப் படித்துவிட்டுக் கண்கலங்கினார். பயத்தில் என்று நினைத்தேன்.

"மச்சான், இத்தினி வருஷத்துல எங்கிட்ட ஒருத்தரும் இந்தக் கேள்வியக் கேக்கல. 'ஏன்'னு கேக்கறாருடா! எழுத்துமூலம் கேக்கறாருடா!"

ஒரு தஸ்தா வெள்ளைக் காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்தார். கம்பத்தில் ஏன் ஏறினேன் என்று சொல்ல வேண்டுமானால் முதல் கம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஏன் ஒயர்மேன் ஆனேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஏன் பிறந்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் முடிவில் விளக்கத்தில் மாமாவுக்கு வயது ஆறு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து கொண்டிருந்தது.

இன்ஜினியர் அதை வாங்கி, கோபமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பசுமாடு கரையேறிச்சா இல்லியா?"

"இன்னும் எழுதல சார்."

"இன்னும் மூணு நாள் டயம் கொடுத்திருக்கேன்னு சொல்லு."

இப்படி மூன்று மூன்று நாளாக நான்கு மாதம் ஓடியது. தினமும் விளக்கேற்றிய கையோடு மாமா எழுதியதை வாசிப்பார், அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். "அன்னிக்கி மழ இல்ல" என்பார். மாமா மழையை அடிப்பார். "நான் பச்சப் பொடவ கட்டல, அது எங்க அக்கா" என்பார். மாமா திருத்துவார். பாதிக்கு மேல் போனபின், கடவுளைத் தேடிய பக்கங்கள் மெலிந்து, கமலம் பேசும் பக்கங்கள் பெருத்துக்கொண்டே வந்தன. அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று நான் கேட்கவில்லை.

நானூறு பக்கத்துச் சொச்சத்தில் விளக்கம் முடிந்தது. கடைசிப் பக்கத்தில்கூட அவர் ஏன் கம்பத்தில் ஏறினார் என்பது இல்லை. இன்ஜினியர் கோப்பில் குறிப்பு எழுதி மூடினார். அந்தக் குறிப்பை நான்தான் பதிவு செய்தேன்: 'விளக்கம் திருப்திகரமாக உள்ளது. எதற்கு விளக்கம் என்பது மட்டும் தெளிவாகவில்லை. மேல்நடவடிக்கை தேவையில்லை.'

அடுத்த வருஷம் எனக்கு சேலத்துக்கு மாற்றல் வந்தது. ஸ்டேஷனுக்கு அக்கா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமா டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் நகர்ந்தபோதுதான் அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்து, ஜன்னலைப் பார்த்து உரக்க ஒரு கேள்வி கேட்டார். கேள்விதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்ஜின் ஊதிய ஊதலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெரிதாக, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நின்று கையை ஆட்டினார்.

பிறகு கடிதத்தில் கேட்டேன். பன்னிரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார். என்ன கேட்டாரென்று மட்டும் அவருக்கும் நினைவில்லை. இப்போது மாமா இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி, என் பதில் இன்றைக்கும் அதுதான்: ஆமாம், மாமா.