நான் சொன்ன ஒரேயொரு ‘வேண்டாம்’

வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நான் சிறுபெண்ணாக இருந்த காலத்தில் யார் யாரிடமோ இருந்தது. வீட்டில் அம்மாவிடம், வேலை செய்த இடத்தில் முதலாளியிடம். ஊரில் யாரிடம் இருந்தது என்பது கிழமைக்குக் கிழமை மாறிக்கொண்டிருந்தது. ஆகவே எனக்கு இருபத்துமூன்று வயதானபோது, முகம் தெரியாத சிலர் அந்த அதிகாரத்தைத் தூக்கி என் கையில் தந்தார்கள் என்றால், அதை நான் எப்படிப் பாவித்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

விஷயம் ஒரு கணினி மொழி. கணினிக்கு வேலை சொல்வதற்காக மனிதர்கள் உண்டாக்கி வைத்திருக்கும் மொழிகளில் ஒன்று. பெயரைச் சொல்லமாட்டேன் (இன்னமும் என்னைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன்). அது எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. யாரும் அதன் உள்நிரலை இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கப் பன்னிரண்டு பராமரிப்பாளர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு நாடு. சம்பளம் கிடையாது. எல்லாக் கதையும் மின்னஞ்சலில்தான். எங்கள் கோயில் பரிபாலன சபை மாதிரி என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

“அப்ப அடிபிடியும் இருக்குமே?” என்று அப்பா கேட்டார்.

இருந்தது. ஆனால் மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் இருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தமிழ் எழுத்துகளால். திருகோணமலை நகரத்தில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், அந்த மொழி ‘ன’வைக் கொண்டுபோய் ‘ந’வுக்குப் பக்கத்தில் இருத்தியது, ‘ற’வை ‘ர’வுக்குப் பக்கத்தில் இருத்தியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. லிங்கநகரில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்த பழைய கணினியில் இரண்டு மாதம் குந்தியிருந்து ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். அதைப் பரிசோதித்தவர் பீட்டர் என்ற பராமரிப்பாளர். பதினொரு தடவை திருப்பி அனுப்பினார். ஒருமுறை ஒரு இடைவெளி கூட. மறுமுறை ஒரு இடைவெளி குறைய. தமிழைப் பற்றி ஒரு சொல் இல்லை, முழுக்க முழுக்க இடைவெளியைப் பற்றியே எழுதினார். பன்னிரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டார். சில மாதங்களில் ஒருவர் விலக, அந்த இடத்துக்கு என்னையே தெரிவு செய்தார்கள். தமிழ் வரிசை அடுத்த பதிப்பில் வரப்போகிறது, நானும் பராமரிப்பாளர். தலைக்கனத்துக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே ஒரு விதி இருந்தது. புதிய பதிப்பு வெளியாகும் முன், ஒரேயொரு பராமரிப்பாளர் காரணம் காட்டி ஆட்சேபித்தாலும் எல்லாம் அப்படியே நிற்கும். ஆட்சேபித்தவர்தான், தன்னுடைய சொந்த முகவரியிலிருந்து எழுதி, அதை விலக்கிக்கொள்ளலாம். மற்றப் பதினொரு பேரும் தலைகீழாக நின்றாலும் ஏலாது. அத்தனை பொல்லாத விதி என்பதால் வருடக் கணக்காக ஒருவரும் அதைத் தொடவில்லை.

நான் தொட்டேன். பதிப்பு வெளியாக நாலு நாள் இருக்கும்போது, பீட்டர் மூன்று கிழமை இருந்து துப்புரவாக்கிய ஒரு பகுதியைப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், சோறு சாப்பிட்ட கையோடு எழுதினேன்: “இந்த மாற்றம் தமிழ் எழுத்துகளின் வரிசையைக் குழப்புகிறது. நான் ஆட்சேபிக்கிறேன்.” பரிசோதித்தேனா? பரிசோதித்தேன். என்னிடமிருந்த இரண்டு மாதப் பழைய பிரதியில். புதிய பிரதியை வீட்டுத் தொலைபேசி வழியாக இறக்க ஒரு பின்னேரம் முழுக்க எடுக்கும். அந்த நேரத்தில் அம்மாவுக்குச் சின்னம்மாவோடு கதைக்க வேண்டியிருக்கும். உண்மையான காரணம் உங்களுக்குத் தெரியும். பதினொரு தடவை!

அனுப்பிய பிறகுதான் மனச்சாட்சி மெல்ல எழும்பியது. அம்மாவைக் கெஞ்சிப் புதிய பிரதியை இறக்கினேன். ஐந்து மணிக்கு இறங்கி முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன். ‘அ’வில் இருந்து ‘ன’ வரைக்கும் அத்தனை எழுத்தும் ஒன்றும் நடவாதது போல அதனதன் இடத்தில் இருந்தன. குழப்பம் பீட்டரின் மாற்றத்தில் இல்லை, என் பழைய பிரதியில் இருந்தது. ஆட்சேபணையை விலக்கிக்கொள்ள அவசரமாக இணைப்பை எடுத்தேன். தொலைபேசியில் சத்தமே இல்லை.

அந்தக் கிழமை குடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூர்ப் பக்கமாக, ஷெல் சத்தம் கேட்டபடி இருந்தது. இந்தப் பக்கம் ஊர் முழுக்கத் தொலைபேசி செத்துப் போனது. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கந்தான். பழக்கமில்லாதது என்னவென்றால், உலகத்தின் பதினொரு நாடுகளில் ஒரு கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

“என்ன பிள்ளை, ரிசீவரை எடுக்கிறதும் வைக்கிறதுமா நிக்கிறாய்?” என்றார் அம்மா.

“அம்மா, எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கினம்.”

“நிக்கட்டும். நீ முதல்ல தண்ணியைப் பிடி, கரண்டும் போகப்போகுது.”

அப்பாவிடம் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அவருக்கு, ஒரு பத்திரம் ஒருவருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடப்பதைப் போல மகத்தான விஷயம் உலகில் கிடையாது. இரண்டு நாளில் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. “என்ரை மகள் ஓமெண்டு சொல்லாமல் அங்கை ஒண்டும் அசையாதாம்” என்று கடையில் நின்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “அவ்வளவு பெரிய ஆளெண்டால், இந்த ரெலிபோனைச் செய்து தரச் சொல்லேலாதோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நாலாம் நாள், பதிப்பு வெளியாகியிருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை, நசீர் நானா வந்தார். கிண்ணியாக்காரர், எங்கள் ஒழுங்கையில் அறை எடுத்திருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வாகனம் ஓடினார். அந்த அலுவலகக் கூரையில் ஒரு செய்மதித் தட்டு இருந்தது; தொலைபேசி இல்லாமலே அதன் வழியாக மின்னஞ்சல் போகும்.

“தங்கச்சி, உங்களை உள்ளுக்குக் கூட்டிப் போக ஏலாது. ரெண்டு வரி எழுதித் தாங்க, எங்கட மேடத்துக்கிட்டக் கேட்டு அனுப்புறன். நாளைக்கு விடிய வந்து எடுக்கன்.”

நான் ஒரு தாளில் எழுதினேன்: “பிழை என்னுடையது. பழைய பிரதியில் பரிசோதித்தேன். ஆட்சேபணையை விலக்குகிறேன். இங்கே தொலைபேசி இல்லை.” கீழே கூட்டத்தின் மின்னஞ்சல் முகவரி. என் சொந்த முகவரியிலிருந்து போகாவிட்டாலும், இவ்வளவு சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பினேன். மேசையில் வைத்துவிட்டு மறுநாள் காலை வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது, “குடுத்தாச்சு” என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் நிம்மதியாக இருந்தேன். அந்த ஐந்து நாளும் சும்மா போனதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பத்தாம் நாள் தொலைபேசி உயிர் பெற்றது. இருநூறுக்கும் மேலே மின்னஞ்சல்கள். பதிப்பு வெளியாகவில்லை. நடுவில், தொண்டு நிறுவனத்தின் முகவரியிலிருந்து போன கடிதம் கிடந்தது. அதில் என்னுடைய ஒரு வரிகூட இல்லை. தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

“மதிப்புக்குரியீர், தங்களது திட்டத்திற்கு எதிராக என் மகள் தெரிவித்திருந்த ஆட்சேபணையை இத்தால் முற்றாக வாபஸ் பெறுகிறார். இதை அவர் தமது சுயவிருப்பின் பேரிலேயே செய்கிறார். எவரும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் நலமாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். அவரைத் தொடர்புகொள்ள முயல வேண்டாம். தாமதமின்றி ஆவன செய்யவும்.”

“அப்பா! இதென்ன எழுதினனீங்கள்?”

“நீ எழுதினது ஒரு கடிதமே? தலையுமில்லை வாலுமில்லை. வெளிநாட்டுக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? இருபத்தெட்டு வருசமா ஒஃபிசிலை கடிதம் எழுதுறனான்.”

“நேரத்துக்குச் சாப்பிடுறா எண்டு ஏன் எழுதினனீங்கள்?”

“சாப்பிடுறாய்தானே?”

“எங்கை சாப்பிடுறாள்?” என்று குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பாவில் முழுப் பிழையும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போன எல்லாக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் சுகம், ஒரு பிரச்சினையும் இல்லை, யோசிக்க வேண்டாம். அதை வாசித்தவுடன் கனடாவில் இருக்கும் மாமா பதறியடித்துத் தொலைபேசி எடுப்பார். மாமாவே பதறும்போது, எங்களைத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? பெண் காணாமல் போய்விட்டாள், யாரோ பிடித்து வைத்துக்கொண்டு எழுதுவிக்கிறார்கள் என்று அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். தொண்டு நிறுவனத்துக்குப் பதில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அந்த மேடம் விடுமுறையில் போய்விட்டார்.

அதன் பிறகு நான் வீராங்கனை. ஆபத்தின் நடுவிலும் தன் மொழியின் எழுத்துகளுக்காக நின்றவள் என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். கூட்டத்தை ஒருங்கிணைத்த அன்னிக்கா, என் குரல் கேட்கும் வரை பதிப்பு இல்லை என்று அறிவித்திருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே பீட்டரின் மடல். “இந்தக் கடிதம் அவர் எழுதியதல்ல. ஒரு வருடமாக அவர் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி விடுகிறார், நானும் சொல்லிக் களைத்துவிட்டேன். இதில் ஒன்றுதான் இருக்கிறது. என் மாற்றத்தை நானே நீக்கிவிட்டேன். எனக்கு அது தேவையில்லை. அவர் பத்திரமாக இருக்கிறார் என்று யாராவது சொல்லுங்கள்.”

நான் அழுதேன். மூன்று கிழமை வேலையை அந்த மனுஷன் எனக்காகத் தூக்கி எறிந்திருந்தார். எந்தப் பெண்ணுக்காக? பதினொரு தடவைக்குப் பழிவாங்கப் பழைய பிரதியைப் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்று எழுதிய பெண்ணுக்காக.

ஒரு மணித்தியாலம் கணினிக்கு முன்னால் சும்மா இருந்தேன். தப்புவதற்கு வழி இருந்தது. நான் பத்திரம், தொலைபேசி இல்லை, ஆட்சேபணையை விலக்குகிறேன் என்று மட்டும் எழுதினால் வீராங்கனையாகவே இருந்துவிட்டுப் போகலாம். பழைய பிரதியைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. (ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.) ஆனால் அப்படிச் செய்தால் பீட்டரின் மாற்றம் என்றைக்கும் பிழையான மாற்றமாகவே நின்றுவிடும். எல்லாவற்றையும் எழுதினேன். பழைய பிரதி, பதினொரு தடவை, அப்பா, சாப்பாடு, எல்லாம்.

அன்னிக்கா உடனே நம்பவில்லை. நான்தான் என்று நிரூபிக்க, பீட்டர் முதல் தடவை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று கேட்டார். ஏழாம் வரியில் ஒரு இடைவெளி கூட என்று அரை நிமிஷத்தில் பதில் அனுப்பினேன். அதற்குப் பீட்டரிடமிருந்து இரண்டு வரி வந்தது: “அவர்தான். மிகவும் சந்தோஷம்.” பதிப்பு அவருடைய மாற்றத்தோடும் என் தமிழ் வரிசையோடும் இரண்டு கிழமை பிந்தி வெளியானது. என்னை விலக்கச் சொல்லி நானே கேட்டேன். ஒருவரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விதியை மட்டும் திருத்தினார்கள். ஆட்சேபிப்பவர் எந்தப் பிரதியில் பரிசோதித்தார் என்று எழுத வேண்டும். ஐந்து நாள் அவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் மற்றவர்கள் கூடி முடிவெடுக்கலாம். மூன்றாவதாக ஒன்று, இன்றைக்கும் அந்த ஆவணத்தில் இருக்கிறது: பராமரிப்பாளர்களின் பெற்றோர் அனுப்பும் கடிதங்கள் ஏற்கப்படமாட்டா. புதிதாகச் சேர்பவர்கள் இதென்ன விசித்திரம் என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் கதையை ஆரம்பிப்பார். நான் அந்த மடலைத் திறக்கமாட்டேன்.

அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது கவலைப்படுவார் என்று பயந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு அவர் போகாத கலியாண வீடு இல்லை, சொல்லாத ஆள் இல்லை: “என்னாலை ஒரு சர்வதேசச் சட்டத்தையே மாத்தினவை.”

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன். நல்லாயிருக்கிறன், ஒரு பிரச்சினையும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுறன் என்று சொல்வேன். அம்மா கேட்பார்:

“இது நீ சொல்லுறியோ, இல்லாட்டி உன்ரை அப்பா எழுதித் தந்தவரோ?”