'போதும்' சொல்கிற செல்

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மூளையைப் பத்திப் பேசாதீங்க," என்றாள் மகள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "அவங்கப்பாவுக்கு நம்மளப் பிடிச்சாத்தான் எங்க கல்யாணம்."

புரொபசருக்கு ரோஷம் வந்துவிட்டது. தூண்டுகிற செல்லையும் அடக்குகிற செல்லையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவருக்குத் தன் வாயை அடக்கத் தெரியாதா? ஒரு செல் 'பேசு' என்று தூண்டினால் பக்கத்துச் செல் 'போதும்' என்று அடக்கும். அடக்காவிட்டால் வலிப்பே வந்துவிடும் என்பது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மனைவி எதிரே உட்கார வேண்டியது, அவர் எல்லை மீறினால் மேசைக்கு அடியில் காலை மிதிக்க வேண்டியது.

"மிதிச்சா நிறுத்துவீங்களா?" என்றாள் மனைவி.

"நீதான் என் அடக்குற செல். மிதி விழுந்தா வாய் தானா மூடிக்கும்."

விருந்தாளிகள் வந்தார்கள். வருங்காலச் சம்பந்தி நல்ல நெட்டை. புரொபசருக்குப் பக்கத்தில், காலை அவர் பக்கமாகத் தாராளமாக நீட்டி உட்கார்ந்தார். கணவருக்கு நேர் எதிரே, புரொபசர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சம்பந்தியம்மாவுக்கோ மேசை தாடைக்கு வந்தது. புரொபசர் ஓடிப்போய் சோபாவிலிருந்து இரண்டு குஷன் கொண்டுவந்து போட்டார். மகளுக்கு ரொம்பப் பெருமை.

"என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று சம்பந்தி கேட்டுத் தொலைத்தார்.

சுருக்கமாகத்தான் ஆரம்பித்தார் பாவம். எலியின் மூளைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, வெடுக்கென்று மூடிக்கொண்டார். சலித்துவிட்டதோ என்று புரொபசர் பதறிப்போய், வலிப்பு வந்த எலியின் கதையை எடுத்துவிட்டார். சம்பந்தி முகம் சுளித்தார். எலி என்றால் அருவருப்பு போலிருக்கிறது என்று, எலியே இல்லாத கணக்குகளுக்குத் தாவினார். சம்பந்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனைவி வேறு முறைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் மிதி ஒன்றும் விழவில்லையே, இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று தெம்பாகத் தொடர்ந்தார்.

பாதிச் சாப்பாட்டில் சம்பந்தி எழுந்துவிட்டார். நேரமாகிவிட்டது என்று முனகிவிட்டு, நொண்டி நொண்டி வாசலுக்கு நடந்தார். மகள் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும்தான் புரொபசருக்கு உறைத்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை இந்தப் பாழும் வாயால் கெடுத்துவிட்டோமே! பின்னாலேயே ஓடி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என் வாய் மேலதான் சார். என் பொண்ணு தங்கம். அவளை வேணாம்னு சொல்லிடாதீங்க."

"யார் சார் வேணாம்னது? உங்களை மாதிரி சம்பந்தி எங்க கிடைப்பாங்க? உங்ககிட்ட கேக்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்துச்சு. இவ விட்டாத்தானே?" என்று சம்பந்தி தன் மனைவி பக்கம் திரும்பினார். "வாயைத் திறந்தாலும் மிதி, மூடினாலும் மிதி. வீட்டுலதான் பேச விடறதில்ல, வந்த இடத்துலயுமா? கால் வீங்கியே போச்சு."

சம்பந்தியம்மா திருதிருவென்று விழித்தார்.

"நானா மிதிச்சேன்? அந்த ரெண்டு குஷன் மேல உக்காந்ததுலேர்ந்து எனக்குக் கால் தரையையே தொடலையே!"