மதுஷிகாவின் நியம விலகல் பற்றி மச்சானுக்கு

அன்புள்ள மச்சான் கிறிஸ்ரி அறிவது,

ஆண்டவர் கிருபையால் நானும் உம்முடைய அக்கா மாக்கிறட்டும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் சுகமில்லை. அங்கே நறுவிலிக்குளத்தில் உங்கள் வயல், வீடு, பிள்ளைகள் எல்லாம் நலமா என்று பிறகு கேட்கிறேன். இப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் மகள், உம்முடைய மருமகள் மதுஷிகாவைச் செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகக் கம்பஸில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புள்ளிவிபரவியல் பாடம். எங்கள் ஊர்த் தோணித்துறையில் ஒரு மாதம் இறங்கிய மீனின் நிறையை நாளுக்கு நாள் எழுதி, சராசரியையும் நியம விலகலையும் கையால் கணித்து, ஒவ்வொரு படியையும் காட்ட வேண்டுமாம். பிள்ளை முப்பது இலக்கத்தையும் போனில் ஏதோ கணக்குக் கருவிக்குள் போட்டு விடையை எடுத்துவிட்டாள். விடை சரி, மச்சான்! ஏழு தசமத்துக்குச் சரி! அதுதான் பிழையாம். கையால் செய்தவளுக்கு ஏழு தசமம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்களாம். குற்றம் உறுதியானால் பிள்ளைக்கு இந்த வருசமே போச்சு.

இதென்ன அநியாயம்? கோயில் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் குறி பார்த்து வலை போட்டவன் நான், இப்ப ஜி.பி.எஸ். பாத்துத்தான் போறன், அதுக்காக நான் பிடிச்சது களவு மீன் எண்டு ஆராவது சொன்னவையே? இதை விரிவுரையாளர் நசீறாவுக்கே போன் எடுத்துச் சொன்னன். அவ பக்கத்துக் கொண்டச்சி ஊர்ப் பிள்ளை, மரியாதையாத்தான் கதைச்சா. "ஐயா, ஜி.பி.எஸ். பழுதானாலும் நீங்கள் கரைக்கு வந்து சேருவியள். போனில சார்ஜ் இல்லாட்டி மதுஷிகா என்ன செய்வா?" எண்டு கேட்டா. நானும் விடேல்ல. "கருவியை விடுங்கோ பிள்ளை, அந்த முப்பது இலக்கமும் சத்தியம், மீனவர் சங்கச் செயலாளர் நானே தராசடியில நிண்டு எழுதி அனுப்பினது!" எண்டு கத்திப்போட்டன். "அப்பிடியே ஐயா? நான் அந்தத் தாளை இன்னொருக்காப் பாக்கிறன்" எண்டு போனை வைச்சிட்டா. அண்டு தொடக்கம் உம்மட அக்கா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறதோட சரி, வீட்டில சமையல் இல்லை, மூண்டு நேரமும் பாணும் சம்பலும்தான்.

நீர் கணித வாத்தியார். செவ்வாய் காலமை வந்து, கருவி பாவிக்கிறது களவில்லை எண்டு பிள்ளைக்காக ரெண்டு வார்த்தை சொல்லும்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மடு மாதா உங்கள் வீட்டைக் காத்துக்கொள்ளட்டும்.

உம்முடைய அத்தான்,
யாகப்பர்

பி.கு.: கடிதத்தை உறைக்குள்ள வைக்கேக்க நசீறா போன் எடுத்தா. "கருவி பாவிச்சதை மதுஷிகா தானா வந்து சொல்லிப்போட்டா ஐயா, பத்துப் புள்ளி வெட்டி அதை முடிச்சிட்டன். ஆனா உங்கட ஊரில ஞாயிற்றுக்கிழமை ஆர் கடலுக்குப் போறது?"

எங்கட துறையில ஞாயிறு ஒரு தோணியும் இறங்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும். நான் நாலு ஞாயிறுக்கும் மீன் எழுதியிருக்கிறன். ஒரு ஞாயிறு நானூற்றுப் பன்னிரண்டு கிலோ! தராசடிக்கு மூண்டு நாள்தான் போனனான், மிச்சம் வீட்டில கதிரையில இருந்து நானா எழுதினது. பிள்ளை என்னை நம்பிக் கேட்டவள்.

எல்லாத்தையும் நசீறாவிட்டச் சொல்லிப்போட்டன். "அப்ப செவ்வாய்க்கிழமை நீங்களும் வாங்கோ ஐயா" எண்டா. மதுஷிகா என்ர போனை எடுக்கிறாளில்லை. நீர் கட்டாயம் வாரும். அவளுக்காக ஒண்டும் கதைக்க வேண்டாம். என்னோட ஒருக்காக் கதைக்கச் சொல்லி அவளிட்டக் கேளும்.