பந்துச் சாமி எட்டு அணிக்குச் சொன்ன வாக்கு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அந்த வரிசையைப் பார்த்து, ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்று நினைத்து, பையோடு வந்து நின்று ஏமாந்தவர்கள் உண்டு. அரை மணி நேரம் நின்ற பிறகுதான் முன்னால் நிற்பவரின் கையில் பை இல்லை, எலுமிச்சம்பழம் இருக்கிறது என்பது தெரியும். அது பந்துச் சாமியின் வரிசை. பாமாயிலாவது என்றைக்காவது தீர்ந்துபோகும். சாமியின் அருளுக்கு இருப்புக் குறைவே கிடையாது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. முறையாகச் சொல்வதென்றால் முதலில் லீக்கைச் சொல்லவேண்டும். தொழிற்பேட்டையின் எட்டு கம்பெனித் தொழிலாளர்கள் எட்டு அணியாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடுவார்கள். பொங்கல் கழிந்து தொடங்கி, மாங்காய் மண்டிக்கு லாரிகள் வரும்போது முடியும். ஆடுகிறவர்களில் பாதிப்பேருக்குத் தொப்பை, மீதிப்பேருக்கு நைட் ஷிப்ட் தூக்கம். ஆனாலும் உலகக் கோப்பைக்கு இல்லாத பரபரப்பு இதற்கு உண்டு. காரணம், உலகக் கோப்பைக்குப் பந்துச் சாமி கிடையாது.

சாமி ஆவதற்கு முன்னால் அவர் ராமப்பன். மைதானத்து ஓரத்தில் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். கரும்பைப் பிழிவதைவிட ஆளைப் பிழிவது சுலபம், சக்கையைக் கூட்டி அள்ளும் வேலையும் மிச்சம் என்பதை ஒரு நல்ல நாளில் கண்டுகொண்டார். புது டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்து மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, காதோடு சேர்த்துப் பிடிப்பார். பந்து அவரிடம் பேசும். நம்மிடம் பேசாது. நம்மீது பட்டால் வலிக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு அணியின் கேப்டனும் காணிக்கையாக ஒரு பெட்டி புதுப் பந்து கொடுக்கவேண்டும். அந்தப் பெட்டி பின்வாசல் வழியாகச் சாமியின் மைத்துனர் வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், முன்வாசல் வழியாக ‘மந்திரித்த பந்து’ என்ற பெயரில் இரட்டை விலைக்கு வெளியே வரும். வாங்குகிறவர்கள் அதே கேப்டன்கள். தன் பந்தைத் தானே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, கிடைத்ததே பாக்கியம் என்று கும்பிட்டுவிட்டுப் போகிற அறிவாளிகளை வேறு ஊரில் நான் கண்டதில்லை.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, எட்டு கேப்டன்களும் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போகவேண்டும். சாமி காதோடு ஒரு வாக்குச் சொல்வார். சீசன் முடிந்து நன்றிப் பூசை நடக்கும்வரை அதை யாரிடமும் சொல்லக் கூடாது. மனைவியிடம்கூட. சொன்னால் வாக்கு வற்றிப்போகுமாம்.

அந்த வருடம் பூபதி வெளியே வந்தபோது அவர் முகம் சாணை பிடித்த அரிவாள்போல் மின்னியது. மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கியர் கம்பெனி அணிக்குக் கேப்டனானவர். அடுத்துப் போன குருமூர்த்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்போல் வெளியே வந்து அன்றைக்குச் சோறே தொடவில்லை. மூன்றாவதாகச் சௌந்தரராஜன். மறுநாள் காலையிலிருந்து தன் ஆட்களைத் தினமும் மைதானத்தைச் சுற்றிச்சுற்றி வரவைத்து மூச்சு வாங்க விட்டார். மற்ற ஐந்து பேரும் அவரவர் முகத்துக்கு ஏற்றபடி வந்தார்கள்.

லீக் நடந்தது. சோறு தொடாத குருமூர்த்தியின் அணி கோப்பையை வாங்கியது. மின்னிய பூபதியின் அணி இறுதி ஆட்டத்தில் தோற்றது. சௌந்தரராஜனின் கம்பெனியில் ஞாயிறும் வேலை என்று சொல்லிவிட்டதால் அவர் அணி பாதியிலேயே விலகிக்கொண்டது. வாக்குப் பொய்த்தது என்று யாராவது சாமியிடம் சண்டைக்குப் போனார்களா? போனார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவராகத் தலையில் அடித்துக்கொண்டு, விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். சாமி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நிற்கவில்லை. இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில் உயரமாக வந்த ஒரு பந்தை மாதப்பன் பிடிக்காமல் விட்டுவிட்டார். வேப்பனப்பள்ளிக்காரர். பூபதி அணியின் நல்ல பந்துவீச்சாளர். மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. அது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாமி பந்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கோளாறு வெயிலில் இல்லை, மாதப்பனின் இடது காலில் இருக்கிறது, அது தரித்திரக் கால், நன்றிப் பூசை மேடையிலேயே அவனை அணியிலிருந்து நீக்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

தரித்திரம் மைதானத்தோடு நிற்குமா? கம்பெனிக்குள்ளும் வந்தது. மாதப்பன் ஷிப்ட் முடித்துப் போனதும், அடுத்து வருகிறவர் அவர் ஓட்டிய மெஷினுக்கு எலுமிச்சம்பழம் சுற்றி வைத்தார். பிறகு காலையில் அவர் முகத்தில் விழிக்காமல் இருக்க மூன்று பேர் பஸ்ஸில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தார்கள். மாதப்பன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் வீட்டில் தன் இடது காலைத் தானே பார்த்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார். அவர் மனைவி பிரவீனாவுக்கு ஆத்திரம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

பூபதி நல்ல மனிதர். நீக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தார்.

“தங்கச்சி, மாதப்பன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கால்தான்.”

“எந்தக் காலுங்ணா?”

“இடது கால்.”

“கேட்ச்சைக் கையிலதானுங்ணா விட்டாரு?”

பூபதி கிளம்ப எழுந்தார். “அதெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. சாமி சீசனுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. எனக்குத்தான் புரியல.”

பிரவீனா ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவர். ஒரே பழுது இரண்டு பீஸில் வந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் குருமூர்த்தியைப் பார்த்து, கோப்பை வாங்கியதற்கு வாழ்த்துச் சொன்னார். அவர் வெட்கத்தோடு, சாமி முன்பே சொல்லிவிட்டார், எனக்குத்தான் புரியாமல் பட்டினி கிடந்தேன் என்றார். சௌந்தரராஜனின் மனைவி லாவண்யாவிடம் விசாரித்தால் அங்கேயும் அதே பாட்டு. அவருக்குத்தான் புரியலையாம் அக்கா.

அன்று வீட்டுக்கு வந்து மாதப்பனிடம் பிரவீனா சொன்னது இவ்வளவுதான்: “ஒருத்தருக்குப் புரியலன்னா அவரு காதுல கோளாறு. ஊருக்கே புரியலன்னா சொன்னவன் வாயில கோளாறு.”

நன்றிப் பூசை நாளும் வந்தது. மைதானத்தில் பந்தல், பொங்கல், ஒலிபெருக்கி. சாமியின் தலைக்குப் பின்னால் சூரியனுக்குப் பதிலாக டென்னிஸ் பந்து ஒளிவிடும் ஃப்ளெக்ஸ் பேனர். அதில் ‘சொன்னார், நடந்தது’ என்று ஆளுயர எழுத்து. என்ன சொன்னார் என்று பேனரில் இல்லை. பேனர் அடித்தவர் கெட்டிக்காரர்.

மாதப்பனை நீக்குகிற சடங்கு பொங்கலுக்கு முன்னால் என்று வைத்திருந்தார்கள். பிரவீனா கையில் தேங்காய்ப் பழத் தட்டோடு மேடை ஏறினார். தரித்திரக் காலின் பெண்டாட்டி பரிகாரம் கேட்டு வந்திருக்கிறாள் என்று சாமிக்கு வாயெல்லாம் பல். தன் கையாலேயே மைக்கைக் கொடுத்தார். சாமி செய்த ஒரே நல்ல காரியம் அது.

சீசன் முடிந்துவிட்டதே, இனி வாக்கை வெளியே சொன்னால் வற்றாதில்லையா என்று பிரவீனா பவ்வியமாகக் கேட்டார். வற்றாது, தாராளமாகச் சொல்லலாம் என்றார் சாமி. அப்படியானால் எட்டு அண்ணன்களும் மேடைக்கு வரட்டும், சாமியின் பெருமையை நாங்களும் கேட்கிறோம் என்றார் பிரவீனா. கூட்டம் கைதட்டியது. எட்டு பேரும் வந்து நின்றார்கள்.

“ஒவ்வொருத்தரா வேணாங்ணா. நான் மூணு எண்ணுவேன். சாமி உங்க காதுல என்ன சொன்னாரோ, அதை அப்படியே எல்லாரும் ஒண்ணாச் சொல்லுங்க.”

சாமி எழுந்தார். ஒவ்வொருவராகத்தான் சொல்லவேண்டும், சேர்ந்து சொன்னால் தோஷம் என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மூன்று எண்ணியாகிவிட்டது. எட்டுக் கேப்டன்களும் ஊர் அதிரச் சொன்னார்கள்:

“ஓடும்.”

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதுகூட அவ்வளவு ஒற்றுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பந்தலில் யாரோ ஒருவர் முதலில் களுக்கென்றார்.

பூபதிதான் தொடங்கினார். படம் ஓடுகிற மாதிரி நம் அணி ஓடும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம். தோற்றதும் கேட்டதற்கு, அடே, நான் தெலுங்கில் சொன்னேன், தெலுங்கில் ஓடுவது என்றால் தோற்பது, ஓசூரில் இத்தனை வருடம் இருந்தும் இது தெரியாதா என்று சாமி கடிந்துகொண்டாராம். தெரியாது என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

குருமூர்த்திக்கு வாய் கோணியது. “நான் தெலுங்குன்னு நெனச்சுத்தானே பட்டினி கெடந்தேன். கேட்டா, தமிழ்ல சொன்னேண்டா மடையா, படம் ஓடற மாதிரின்னாரு.”

“இரு, இரு,” என்று சௌந்தரராஜன் இருவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “ரன் ஓடணும்னு சொல்றாருன்னு நான் பசங்களை ஓட விட்டே கொன்னேன். டீம் கலைஞ்சதும் கேட்டா, அது கன்னடமாம். போட்டியை விட்டு ஓடிப் போயிடுவீங்கன்னு அர்த்தமாம்.”

ஜெயித்தவனுக்குத் தமிழ். தோற்றவனுக்குத் தெலுங்கு. விட்டுப் போனவனுக்குக் கன்னடம். மூன்று மாநில எல்லையில் இருந்துகொண்டு மூன்று மொழியும் பேசுகிற ஊரைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார் மனிதர். இதைவிடச் சிக்கனமான தொழிலை நான் பார்த்ததில்லை. நான்காவது மொழி ஒன்று ஊரில் புழங்கியிருந்தால் மழை வந்து ஆட்டம் நின்றதற்கும் அர்த்தம் வைத்திருப்பார்.

பந்தல் குலுங்கியது. பொங்கல் கிளறிக்கொண்டிருந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து சிரித்தார். பிரவீனா மட்டும் சிரிக்கவில்லை.

“எங்க கம்பெனில அளவு பாக்க ஒரு கேஜ் இருக்குது சாமி. சரியான பீஸ் உள்ள போகும், தப்பான பீஸ் போகாது. எல்லாப் பீஸும் உள்ள போச்சுன்னா, பீஸெல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. கேஜ் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். உங்க வாக்குல ஜெயிச்சவரும் போறாரு, தோத்தவரும் போறாரு, ஆடாம விட்டவரும் போறாரு. இந்த வாக்கை வெச்சு எங்க வீட்டுக்காரரு காலை அளந்தீங்களா?”

சாமிக்கு வேர்த்தது. தெய்வ வாக்குக்கு மொழி தடை இல்லை, அது கேட்பவனின் கர்மத்துக்குத் தக்கபடி அர்த்தம் தரும் என்று குரலை உயர்த்தினார். கூட்டத்தில் சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆமாம், அப்படியும் இருக்கலாம் என்று தலையாட்டத் தொடங்கினார்கள். நம் ஆட்களுக்குத் தலையாட்டுவதற்குக் காரணம் வேண்டியதில்லை, குரல் உயர்ந்தால் போதும்.

“சரிங்க சாமி, மொழியே வேணாம்,” என்றார் பிரவீனா. இன்னும் சற்று நேரத்தில் குருமூர்த்தி அணிக்கும் பூபதி அணிக்கும் ஒரு வேடிக்கை ஆட்டம் இருக்கிறது. குருமூர்த்தி அணி ஜெயிக்குமென்றால் சாமி வலது கையைத் தூக்கட்டும், பூபதி அணி என்றால் இடது கையை. “கைக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது.”

சாமி பந்தைக் காதில் வைத்தார். எடுத்தார். மறு காதில் வைத்தார். மைதானமே அவர் கைகளைப் பார்த்தது. கடைசியில் சாமி கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி எல்லோரையும் ஆசீர்வதித்தார்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றிருந்த நடுவர் கங்கப்பன் தன்னை அறியாமல் தானும் இரண்டு கைகளைத் தூக்கி, “சிக்ஸு,” என்றார்.

அதற்கப்புறம் எதையும் நிறுத்த முடியவில்லை. சிறிசும் பெரிசும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிக்ஸு, சிக்ஸு என்று குதித்தார்கள். மைத்துனர் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் அந்த இரைச்சலிலும் கேட்டது. சாமி மேடையின் பின்பக்கமாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எந்த மொழியில் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றிலும் பொருத்தமாகத்தான் இருந்தது.

வேடிக்கை ஆட்டம் தொடங்கியது. பூபதி பந்தை எடுத்துக்கொண்டு போய் மாதப்பனிடம் நீட்டினார். “மாதப்பா, மொத ஓவர் நீ போடுய்யா,” என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினார். மாதப்பன் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஓடி வந்து வீசினார்.

பந்து விக்கெட்டைவிட்டு வெகுதூரம் விலகிப் போனது.

சற்று முன்பு வயிறு வலிக்கச் சிரித்த அதே கூட்டம், கேப்டன் பூபதி உட்பட, ஒரே சமயத்தில் குனிந்து மாதப்பனின் இடது காலைப் பார்த்தது. கங்கப்பன் ஒருவர்தான் பந்தைப் பார்த்து வைடு கொடுத்தார்.

எல்லைக்கோட்டில் நின்ற பிரவீனா தலையில் கை வைத்துக்கொண்டார். மாதப்பனோ யாரையும் கவனிக்காமல், கை எங்கே தவறியது என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அடுத்த பந்தைப் போட நடந்தார்.

அன்பர்களே, சாமி போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடம் நம் தலைக்குள் இன்னும் காலியாகவில்லை. அதைக் காலி செய்ய இன்னொரு சாமியைத் தேடிப் போய்விடாதீர்கள்.