சக்கரம் உடைந்தால் சம்பந்தம் இல்லை

லுமெத்சானே,
ஞாயிற்றுக்கிழமை.

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய தெல்ஃபீனா அக்காவுக்கு,

தம்பி எவாரிஸ்தோ வணங்கி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகமாக இருக்கிறோம். ட்ரியெஸ்தேயில் அடிக்கிற காற்றில் பறந்து போகாமல் நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகள் நீவெஸின் கல்யாணத் தேதி என்ன என்று கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறாய். தேதி எதுவும் இல்லை அக்கா. கல்யாணமே நடக்காது என்றுதான் நினைக்கிறேன். "தங்கமான பையன், தூரினோவில் படித்தவன், உன் தொழிற்சாலையிலேயே அலாய் வீல் வரைகிறவன், இதற்குமேல் உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டவள் நீதான். என்ன வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். அத்தானுக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

போன மாதம் அந்தத் தங்கமான பையன் கொர்ராதோ முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என் வீட்டுக்காரி சாந்தினா காலையிலிருந்து அடுப்பை விட்டு நகராமல் இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். பையன் தன் குட்டிப் பாண்டா காரில் வந்து இறங்கினான். மற்ற அப்பாமார்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், நான் சக்கரத்தைப் பார்த்தேன். அந்தக் காருக்குப் பதினான்கு அங்குலச் சக்கரம் தாராளம். இவன் பதினேழு மாட்டியிருந்தான், நாலும் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு மரியாதை செய்வதற்காகச் சிநேகிதனுடைய காரிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு வந்தானாம். நான் மண்டியிட்டு ஒரு போல்ட்டைத் தடவிப் பார்த்தேன், கோணலாக நின்றது. பாண்டாவில் நாலு போல்ட்டும் நிற்கிற வட்டம் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர், சிநேகிதனின் சக்கரத்திலோ நூறு. கொஞ்சம் முறுக்கினால் ஏறிவிடும் என்று ஏற்றியிருக்கிறான்.

"ரெண்டு மில்லிமீட்டர்தானேங்க ஐயா" என்றான்.

"சக்கரம் வரையுறவரு நீங்க. இது ரோட்டுல கழண்டு ஓடினா அதையும் வரைவீங்களா?" என்றேன்.

அதற்கப்புறம் சாப்பாட்டு மேசையில் நான் வாயை மூடவில்லை என்று இங்கே பேச்சு. சக்கரத்தைப் பற்றி ஒரு மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டியதைச் சொன்னேன், அவ்வளவுதான். குறுக்களவை டயர் உட்காருகிற இடத்தில் அளக்க வேண்டும், வெளி உதட்டில் நாடா வைப்பவன் கடைக்காரனிடம் ஏமாறுவான் என்றேன். குறுக்களவும் அகலமும் அங்குலத்தில், போல்ட் வட்டம் மில்லிமீட்டரில், அச்சோடு ஒட்டும் முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் மில்லிமீட்டரில். ஒரே சக்கரத்துக்கு இரண்டு பாஷை, இரண்டிலும் பொய் சொல்லக் கூடாது என்றேன். சாந்தினா குறுக்கே வந்து, "அவருக்குக் கறி போடுங்க, மில்லிமீட்டர் போதும்" என்றாள். நீவெஸ் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் வரைந்திருக்கிற புதுச் சக்கரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. ஒன்பது ஆரக்கால், ஒவ்வொன்றும் நூடுல்ஸ் மாதிரி. எங்கள் உலையில் அலுமினியம் தண்ணீராக உருகி, காற்றழுத்தத்தில் கீழேயிருந்து மேலே எழும்பி வார்ப்பு அச்சை நிறைக்கிறது. அப்புறம் எக்ஸ்ரே, சூளை, தண்ணீர் முக்கு, கடைசல், துளை, சாயம். இத்தனை பேர் பாடுபட்டபிறகு சக்கரம் என் சோதனை அறைக்கு வருகிறது. நான் அதற்கு டயர் மாட்டி, காற்றடைத்து, பதின்மூன்று பாகை சாய்த்து நிறுத்தி, விளிம்பின் மேல் ஒரு பெரிய எடையை விழ விடுகிறேன். நடுப்பகுதி பிளக்கக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குள் காற்று முழுக்க இறங்கக் கூடாது. என் வேலை இவ்வளவுதான், ஊரில் எனக்குக் கெட்ட பெயர் வருவதும் இதனால்தான். பொலோஞ்ஞா கண்காட்சியில் இந்தச் சக்கரத்தை மேடையேற்ற முதலாளி துடிக்கிறார். நாளைக் காலை அது என் எடைக்குக் கீழே வருகிறது.

அதனால் நேற்று மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவனுடைய சக்கரம் உடைந்தால் இந்தச் சம்பந்தமும் உடைந்தது. அழுவாள், கதவை அடித்துச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு காப்பி கலக்கப் போய்விட்டாள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், நஷ்டத்தைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வாள் போலிருக்கிறது. அந்த ஆரக்கால்கள் நிற்காது அக்கா, என் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ரயில் டிக்கெட் எதுவும் எடுக்க வேண்டாம். பையனின் அம்மாவிடம் இதமாகச் சொல்கிற பொறுப்பு உன்னுடையது, நீதானே ஆரம்பித்தாய்.

நம் ஊர்ப் புனிதர்கள் அத்தனை பேரும் உன் வீட்டுக் கூரையை அதன் இடத்திலேயே வைத்திருக்கட்டும். அத்தானுக்கு என் அன்பு, பூனைக்கும்.

உன் பாசமுள்ள தம்பி,
எவாரிஸ்தோ சுபானி

பி.கு. திங்கள் மத்தியானம். கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அக்கா, சக்கரம் உடைந்தது. கல்யாணம் செப்டம்பரில்.

இரண்டு ஆரக்கால் வேரோடு பிளந்தது. நிமிஷம் என்ன, நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் காற்று முழுக்கப் போய்விட்டது. முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்து, "எடையைக் கொஞ்சம் குறைச்சு இன்னொரு சக்கரம் வச்சுப் போடுங்க எவாரிஸ்தோ, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், சோதனையைப் பார்க்க வந்திருந்த பையன் பேசிவிட்டான். மண்டியிட்டு, பிளந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே பேசினான்.

"எனக்குத் தெரியுமேங்க. வாங்குறவன் பின்சீட்டுல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓட்டுவான். இதெல்லாத்தையும் உருக்கிடுங்க. நான் திரும்ப வரையுறேன்."

முதலாளியின் முகத்தைப் பார்த்தால் பையனின் வேலை போனாலும் போகும் போலிருந்தது. இவன் எழுந்து என்னிடம் வந்து, "ரோட்டுல உடையாம உங்க கையில உடைஞ்சுதே, நன்றிங்க" என்றான். சக்கரம் வரைந்த எத்தனையோ பேர் இதே அறையில் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நன்றி சொன்னவன் இவன் ஒருவன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று அக்கா, வேறெப்படிச் சொல்ல.

சற்றுமுன் நீவெஸைத் தனியாகக் கூப்பிட்டு, உடையாது என்ற தைரியத்தில்தானே முந்தாநாள் சரி என்றாய் என்று கேட்டேன்.

"உடையும்னு தெரியும்பா. அவரே முதலாளிகிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு, முதலாளிதான் கேக்கல. உடைஞ்ச சக்கரத்துக்குப் பக்கத்துல அவர் எப்படி நிப்பார்னு நீங்க பாக்கணும்னுதான் சரின்னேன்."